கற்பூர வேளை

கற்பூரம் எரியத் தொடங்கியதும் நீரஜா கைப்பேசியைப் பார்ப்பாள். சுவாமி அலமாரியின் முன் நின்றுகொண்டு அப்படிச் செய்வது தகாது என்று அவளுக்கே தெரியும். ஆயினும் விட முடியவில்லை. மயிலாப்பூரில், தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில், மூன்றாம் மாடியில் அவள் ஒரு சுடரைக் காட்டும் அதே வேளையில், பட்டினப்பாக்கத்துக் கடலோரத்து அம்மன் கோயிலில் தேசப்பன் என்னும் பெரியவர் இன்னொரு சுடரைக் காட்டுவார். அந்தச் சுடர் அவள் கைப்பேசியில் ஒரு கோடாகத் தெரியும். நேராக ஓடிக்கொண்டிருக்கும் நீலக் கோடு சற்றே தலை தாழ்த்தும். அருகில் ‘கற்பூரம்’ என்று ஒரு சொல் தோன்றும். சிறிது நேரத்தில் கோடு மறுபடி நிமிரும். இரண்டு இடத்திலும் தெய்வத்துக்கு ஒளி காட்டியாயிற்று என்ற நிறைவோடு அவள் சுடரைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்வாள்.

அன்றும் கோடு தலை தாழ்த்தியது. ‘கற்பூரம்’ என்ற சொல் தோன்றியது. அவளும் ஒற்றிக்கொண்டாள்.

அந்தக் கோட்டைப் பிறப்பித்தவள் அவளே. அடையாற்றில் ஓர் ஆய்வகத்தில் அவளும் உபைதும் இன்னும் சிலரும் சேர்ந்து செய்த கருவி அது. கரிமச் சேர்மம் ஒன்றை மையாகக் கரைத்து, நெகிழித் தாளின்மேல் அச்சிட்டு எடுத்தால் கண்ணுக்கே புலப்படாத மெல்லிய ஏடு ஒன்று கிடைக்கும். அந்த ஏடே ஒரு டிரான்சிஸ்டர். அதற்குள் எப்போதும் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். காற்றில் வரும் ஆவி ஏட்டின்மேல் படிந்தால் அந்த ஓட்டம் தளரும். தளர்ச்சியை அளந்தால் காற்றில் என்னவோ கலந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். உலகம் அஞ்சி ஓடிய நஞ்சைத் தன் மிடற்றில் நிறுத்திக்கொண்ட பெருமானை நாள்தோறும் வலம்வருகிற நீரஜாவுக்கு, அந்த ஏட்டைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளம் குழையும். பிறர் மூச்சுக்குப் போகவேண்டியதைத் தான் ஏற்றுத் தளர்ந்துபோகிற பொருள் அது.

பட்டினப்பாக்கத்தில் அதற்கு வேலை இருந்தது. மீனுக்கு ஐஸ் கொடுக்கிற பழைய தொழிற்சாலை ஒன்று அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. அதன் முதுகுச் சுவருக்கு அப்பால் ஒரு குறுந்தெரு. தெருவில் மீனவர் வீடுகள். நடுவில் அம்மன் கோயில். ஐஸ் உறையவேண்டுமானால் குழாய்களில் அம்மோனியா ஓடவேண்டும். அந்தக் குழாய்கள் சுவரின் மறுபக்கத்தில்தான் ஓடின. என்றைக்காவது ஒன்று கசிந்தால், கடற்காற்று அதைத் தெருவுக்குள்தான் தள்ளும். ஆகவே தெருப்பக்கச் சுவரில் ஒரு பெட்டியை மாட்டி, அதில் ஏடுகளைப் பொருத்தி, மேலே ஒரு சங்கையும் வைத்தார்கள். தொழிற்சாலைகளில் ஊதுமே, அந்த மின்சங்கு.

மாட்டிய அன்று தேசப்பனின் மனைவி பவுனம்மா இடுப்பில் கைவைத்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

“இன்னாப்பா பொட்டி இது?”

“டிரான்சிஸ்டர்மா,” என்றான் உபைத்.

“பாட்டு வருமா?”

“வராது.”

“நூஸு?”

“அதுவும் வராது.”

“அப்ப இன்னாத்துக்கு டிரான்சிஸ்டரு? எங்காளு ஒண்ணு வெச்சினு கீறாரு, புயல் வருதுன்னா மொதல்ல அதான் சொல்லும். உன்னுது கம்முனு குந்தினு கீறதுக்கா?”

“காத்துல விஷம் வந்தா சங்கு ஊதும்மா.”

“எங்க தெருவுல சங்கு ஊதுனா அதுக்கு வேற அர்த்தம், தெரியுமில்ல?” என்று சொல்லிப் பவுனம்மா சிரித்தாள், தெருவே சிரித்தது.

சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அந்தி தோறும் தேசப்பன் சூடம் ஏற்றுவார், சுடரின் ஆவி சுவரை எட்டும், ஏடு தளரும், சங்கு அலறும். அம்மோனியாவுக்கும் கற்பூரத்துக்கும் வேறுபாடு காணத்தான் நான்கு விதமான மையில் நான்கு ஏடுகள் வைத்திருந்தார்கள். ஆனால் கடலின் உப்பீரம் இரண்டு ஏடுகளை விரைவிலேயே சோர்வித்துவிட்டது. மிஞ்சிய இரண்டுக்கும் எல்லா ஆவியும் ஒன்றே.

தேசப்பன் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். வெளுத்த வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. நாற்காலியில் உட்கார மறுத்தார்.

“அம்மாக்கு சூடம் காட்ற நேரத்துல சாவுக்கு ஊதுறா மாரி ஊதுது தாயி. கொயந்தைங்க பயப்படுது. பொம்பளைங்க கோயிலுக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. அந்த நேரம் மட்டும் அதைக் கொஞ்சம் வாய மூடச் சொல்லேன்.”

நீரஜாவுக்குக் கண் கலங்கியது. வழிபாட்டுக்கு இடையூறாகத் தன் கருவி நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை. அன்றே ஒரு விதி எழுதினாள்: விளக்கு வைக்கும் வேளையில் கோடு தாழ்ந்தால் அது கற்பூரம், சங்கு ஊத வேண்டாம்.

உபைதுக்கு அது பிடிக்கவில்லை. “ஏட்டுக்கு மூக்கு கெடையாது மேடம். அது தளருது, அவ்ளோதான். எதால தளருதுன்னு பேரு வெக்கிறது நாம.”

“மழையானாலும் புயலானாலும் அவர் ஒருநாளும் தவறினது இல்லை உபைத். அந்த நேரத்துல அது வேற என்னவா இருக்கப்போறது?” என்றாள் அவள்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் கழிந்த அந்த மாலையில், கற்பூரம் தட்டில் எரிந்து தீர்ந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. உபைதுதான். சோர்ந்த ஏடுகளை மாற்றுவதற்காக அன்று மாலை பட்டினப்பாக்கம் போயிருந்தான். பேச்சுக்குப் பின்னால் பறை கிழிந்துபோகும்படி முழங்கியது.

“மேடம், கேக்குதா? தெருவுல பந்தல் போட்டுக்கீறாங்க. வண்டியே உள்ள போவல. தேசப்பன் அண்ணன் போயிட்டாரு மேடம். காலைல தூக்கத்துலயே.”

நீரஜா கண்களை மூடிக்கொண்டாள். வேட்டியும் திருநீறுமாய் அவர் நின்ற நிலை மனத்தில் வந்தது. “சிவ சிவா... நேத்திக்குக்கூட...” என்றாள்.

“பெரிய பொண்ணு நாகப்பட்டினத்துலேந்து வந்துனு கீதாம். அதுக்குத்தான் எடுக்காம வெச்சிருக்காங்க. ஊரே இங்கதான் கீது மேடம். ஐஸ் பேக்டரி ஆளுங்ககூட மொத்தமா இங்கதான்.” உபைத் இருமினான். இருமலோடே சிரித்தான். “ஒரு காமெடி கேளுங்க. எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கவே மாட்டேங்குது. அவருகிட்ட நான் நாலு வார்த்தகூட சரியாப் பேசினதில்ல. ஒரு அம்மா என்னை யாரோ சொந்தக்காரப் பையன்னு நெனச்சிக் கட்டிப்புடிச்சி அழுவுது. நானும் அழுவுறேன்!”

“சமத்து. அழு. பெரியவருக்கு எத்தனை பேர் அழுதாலும் தகும்.”

“பந்தலுக்குப் பின்னால பூந்து ஏட்டை மட்டும் மாத்திட்டு வந்துர்றேன். வெச்சிர்றேன் மேடம்.”

பேச்சு அறுந்தது. தட்டில் கற்பூரம் அணைந்து, கறுத்த வட்டம் ஒன்று மிஞ்சியிருந்தது. நீரஜா கைப்பேசியை அலமாரியின் விளிம்பில் வைக்கப்போனாள். அப்போதுதான் கோட்டை மறுபடியும் பார்த்தாள்.

கோடு நிமிரவில்லை. மேலும் தாழ்ந்திருந்தது. அருகில் அந்தச் சொல் நின்றது: கற்பூரம்.

அவளுக்கு முதலில் வந்தது அறிவியல் அன்று. உடம்பில் மயிர்க்கூச்செறிந்தது. காலையில் இறந்தவர் மாலையில் சூடம் ஏற்றியிருக்கிறார் என்று கருவி எழுதியிருந்தது. தன் வேளை தவறாத அந்த மனிதர், கண்ணாடிப் பெட்டியிலிருந்து எழுந்து போய், அம்மன் முன்னால் சுடரை ஏந்தி நிற்பதாக ஒரு காட்சி கண்முன் வந்து போயிற்று.

பிறகு மற்றது வந்தது. தெருவில் பிணம் கிடக்கும்போது கோயில் நடை திறக்காது. பிணம் தெருவைக் கடந்து, தெரு கழுவி, அதன் பிறகே பூசை. அன்று காலையிலிருந்து அந்தத் தெருவில் அம்மனுக்கு ஒருவரும் சூடம் காட்டவில்லை, காட்டவும் மாட்டார்கள்.

அப்படியானால் ஏட்டைத் தளர்த்தியது எது?

*கண்ணுல தண்ணி நிக்கவே மாட்டேங்குது.*

நீரஜாவின் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து உருண்டது. அடுத்த அறையிலிருந்து கணவன் குருபிரசாத் ஓடிவந்தான். “என்னாச்சு? கையைச் சுட்டுண்டியா?”

“குரு, வண்டி சாவி. பட்டினப்பாக்கம் போணும். இப்பவே.”

“முகமெல்லாம் வெளுத்துப்போயிருக்கே, சித்த உக்காரு...”

“அங்க அம்மோனியா கசியறது. யாருக்கும் தெரியல. எல்லாரும் சாவுக்கு அழறதா நெனச்சிண்டு இருக்கா.”

குருபிரசாத் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினான். நீரஜா மாடிப்படியில் இறங்கும்போதே உபைதை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. மறுபடி அழைத்தாள். பந்தலுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, பெட்டியின் முன் அவன் குனிந்து நிற்பான். குழாய் ஓடும் சுவர்.

வண்டி கச்சேரி சாலைக்குத் திரும்புகையில் ஐஸ் தொழிற்சாலை மேலாளர் ரகுபதியைக் கைப்பேசியில் பிடித்தாள்.

“இன்னா மேடம், இந்த நேரத்துல?”

“சார், மெஷின் ரூம்ல அம்மோனியா லீக் ஆகுது. யாரு இருக்காங்க உள்ள?”

“ஒருத்தரும் இல்ல. எல்லாம் சாவு வூட்ல கீறாங்க. நான் முன்னாடி ஆபீஸ்ல கீறேன். இங்க ஒரு வாடையும் இல்லியே.”

“காத்து கடல்லேந்து வருது சார். உங்களுக்கு வராது. தெருவுக்குத்தான் போகும்.”

“உங்க பொட்டி கம்முனு கீதே மேடம்!” ரகுபதியின் குரலில் சிறிது கேலி ஏறியது. “அது ஊதுனாத்தான பயப்படணும்னு நீங்கதான சொன்னீங்க? ஆறு மாசமா அது சும்மா இருந்தா நானும் சும்மா இருக்கேன்.”

அந்தச் சொல் அவள் நெஞ்சில் தைத்தது. பெட்டியின் வாயை மூடியவள் அவள். அந்த மௌனத்தை நம்பி ஓர் ஊரே உட்கார்ந்திருக்கிறது. வண்டியின் பின்னிருக்கையில், ஒரு கையால் கணவனின் தோளைப் பற்றியபடி, மறுகையால் அவள் கைப்பேசியில் அந்த விதியைத் தேடினாள். கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தாள். மறுபடியும் தப்பாக அடித்தாள். சாந்தோம் பேராலயத்துக்கு அருகில் சிவப்பு விளக்கு விழுந்து வண்டி நின்றபோதுதான் எழுத்துகள் ஒழுங்காக விழுந்தன. ‘நீக்கவா?’ என்று கேட்டது. நீக்கு என்றாள்.

துண்டிக்காமல் இருந்த அழைப்பின் மறுமுனையில் நெடிய ஓலம் ஒன்று எழுந்தது.

“ஐயய்யோ! இப்ப ஊதுது மேடம்!”

“உள்ள போகாதீங்க சார். பின்பக்கம் போகவே போகாதீங்க. ஃபயர் சர்வீசைக் கூப்பிடுங்க. அவங்க வந்து வால்வை மூடட்டும்.”

சங்கு ஊதிவிட்டது, இனித் தெரு கலைந்துவிடும், எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்று மனம் சற்றே இளகியது. பச்சை விழுந்தது. குருபிரசாத் வண்டியைப் பறக்கவிட்டான். ‘நஞ்சுண்ட கண்டா, இன்னும் சிறிது பொழுது பொறுத்துக்கொள். நான் வரும்வரை உன் மிடற்றிலேயே அதை நிறுத்திவை’ என்று அவள் வாய் ஓயாமல் முணுமுணுத்தது. பதிகம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சிறுவயதிலிருந்து மனப்பாடமாயிருந்ததெல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொண்டது; எஞ்சியது வெறும் கெஞ்சல்.

தெருமுனையில் இறங்கியபோது நெடி முகத்தில் அறைந்தது. குருபிரசாத் இருமித் திரும்பிக்கொண்டான். நீரஜாவின் கண்களில் ஊசி குத்தினாற்போல் நீர் முட்டியது.

தெரு கலையவில்லை.

பந்தலின் கீழ் நூறு பேருக்குமேல் இருந்தார்கள். பறையடிக்கிறவர்கள் முகமெல்லாம் நீர் வழிய, விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து அழுதார்கள். ஆண்கள் துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்து இருமினார்கள். ஊதுவத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தியிருந்தார்கள். அதன் புகையும் மாலைகளின் வாசமும் சாராய நெடியும் எல்லாவற்றையும் மூடின. அழுகிற கண் எதற்கு அழுகிறது என்று அங்கே யார் ஆராய்வார்? சுவரின்மேல் சங்கு முழங்கிக்கொண்டுதான் இருந்தது. பறைக்கும் ஒப்பாரிக்கும் நடுவே அதுவும் ஒன்றாகக் கலந்துவிட்டது. நடந்துபோன ஒருவனின் கையைப் பிடித்து, “சங்கு ஊதறது காதுல விழலையா?” என்று கத்தினாள்.

“சாவு வூட்ல சங்கு ஊதாம இன்னா மேடம், நாதஸ்வரமா வாசிப்பாங்க?” என்று அவன் கையை உதறிக்கொண்டு போனான்.

பந்தலுக்கு அப்பால், சுவரின் அடியில், வெண்மையாக ஏதோ படர்ந்திருந்தது. மார்கழி விடியலில் குளத்தின்மேல் நிற்குமே, அதைப் போன்ற மூட்டம். தரையோடு ஒட்டி, அவசரம் ஏதுமின்றி, பந்தல் கால்களை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் நீரஜா ஓரடி பின்வாங்கினாள். திரும்பி ஓடிவிடு என்று உடம்பு முழுவதும் சொன்னது. அந்த மூட்டத்துக்குள்தான் உபைத் போயிருந்தான்.

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டுக்குப் போனாள். பவுனம்மா தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், இறந்தவரை நீராட்டுவதற்காக முறைப்படி எடுத்துவந்த நீர்க்குடங்கள் வரிசையாக இருந்தன. பாடையும் கட்டி முடிந்து ஓரமாகக் கிடந்தது.

“அக்கா, எல்லாரையும் எழுப்புங்க! இது அழுகை இல்ல. விஷக் காத்து!”

பவுனம்மா வீங்கிய கண்களால் அவளைப் பார்த்தாள். “வாம்மா டிரான்சிஸ்டரு. எம்புருசன் செத்துக் கெடக்குறான். அழுவாம சிரிப்பாங்களா?”

“அக்கா, பேக்டரியில அம்மோனியா கசியுது. இன்னும் கொஞ்ச நேரம் இங்க இருந்தா மூச்சு நின்னுடும். கிளம்பிடுங்க.”

“பொணத்தத் தனியா வுட்டுட்டா? எம்பொண்ணு வந்துனு கீது. அது வந்து மூஞ்சியப் பாக்காம நான் எங்கியும் நவுர மாட்டேன். போ, அப்பால போ.”

சுற்றி இருந்தவர்கள் முறைத்தார்கள். யாரோ ஒருத்தி நீரஜாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். என்ன சொன்னால் இந்தப் பெண்ணின் காதில் ஏறும்? அளவும் அலகும் இங்கே எடுபடாது. நீரஜா கைப்பேசியைப் பவுனம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இங்க பாருங்க. இன்னிக்குச் சாயந்திரம் அவர் சூடம் ஏத்தினார்னு என் பெட்டி சொல்லுது.”

பவுனம்மா திரையை உற்றுப் பார்த்தாள்.

“யாரு ஏத்துனது?”

“தினமும் அந்த நேரத்துல கோடு தாழும். அவர் ஏத்துற சூடம்னு நெனச்சு அது சும்மா இருக்கும். அவர்தான கேட்டுக்கிட்டார், ஊத வேணாம்னு? இன்னிக்கும் தாழ்ந்திருக்கு அக்கா. இன்னும் தாழ்ந்துக்கிட்டே இருக்கு.”

பவுனம்மா மெல்லத் திரும்பிக் கண்ணாடிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு சாத்திக் கிடந்த கோயில் கதவைப் பார்த்தாள். அவள் முகத்தில் துயரம் அப்படியே இருக்க, அதன்மேல் வேறொன்று ஏறியது. அச்சம் ஒருவர் முகத்தில் பிறப்பதை அத்தனை அருகில் நீரஜா அதுவரை கண்டதில்லை.

“இவரு இங்க கீறாரு. கோயிலு சாத்திக் கீது,” என்றாள் பவுனம்மா மெதுவாக. “அப்ப இன்னாத்தடி புடிச்சிச்சி அது?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எதிரில் அவளுடைய மருமகள் ஒருத்தியின் மடியில் கைக்குழந்தை ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடியது. அழுகைக்கான சத்தமே வரவில்லை. பவுனம்மா எழுந்து நின்று ஒரு கையைத் தூக்கினாள். பறை நின்றது. நின்ற கணத்தில், சுவர்மேலிருந்த சங்கு தனியாக, நீளமாக, ஊர் முழுக்கக் கேட்டது.

“டேய், இது நம்ம சங்கு இல்லடா! பேக்டரி சங்கு! காத்துல விஷம்! எந்திரிங்க எல்லாம்!”

“துணிய நனைச்சு மூக்குல கட்டிக்கோங்க! ஈரம் அதை இழுத்துக்கும்!” என்று நீரஜா கத்தினாள்.

தண்ணீர் எங்கே என்று எல்லாரும் விழித்தார்கள். குழாயில் அந்த நேரத்தில் தண்ணீர் வராது. எல்லார் கண்ணும் நீர்க்குடங்கள்மேல் பட்டு, பட்ட உடனே விலகியது. இறந்தவருடைய நீர் அது, உயிரோடிருக்கிறவர் தொடக்கூடாதது. பவுனம்மாவே முதல் குடத்தைத் தூக்கித் தன் முந்தானையில் கவிழ்த்தாள்.

“அவரு குளிச்சா மாரிதான். கட்டுங்கடி!”

நான்கு பேர் ஈரத்துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு உடலைப் பாடைக்கு மாற்றினார்கள். தூக்கியவர்கள் பழக்கத்தால் மேற்கே, இடுகாட்டுப் பக்கம் திரும்பினார்கள். நீரஜா குறுக்கே போய் நின்றாள். “அந்தப் பக்கம் வேணாம்! காத்தும் அங்கதான் போகுது! சந்து வழியாக் கடலுக்குப் போங்க!”

“பொணத்தக் கடலுக்கா எடுத்துனு போவாங்க?” என்று ஒரு பெரியவர் மறித்தார். “முறைன்னு ஒண்ணு இல்ல?”

“எங்காளு என்னிக்கிய்யா மேற்க போனாரு?” என்றாள் பவுனம்மா. “அறுவது வருசமா எந்திரிச்சா கெயக்கதான போனாரு? தூக்குங்கடா!”

பாடை கிழக்கே திரும்பியது. அதன் பின்னால் தெரு முழுவதும் திரும்பியது.

நீரஜா அவர்களோடு போகவில்லை. ஈரத் துண்டை முகத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பந்தலின் பின்பக்கம் நுழைந்தாள். “நீரஜா, நில்லு!” என்று குருபிரசாத் கத்தியபடி பின்தொடர்ந்தான். மூட்டம் கணுக்காலைத் தொட்டது. ஈரமான தோல் எரிந்தது. கண்ணைத் திறந்தால் ஒன்றும் தெரியவில்லை. மூடினால் அதைவிட எரிந்தது. இத்தனைக்கும் மூச்சை அடக்கியிருந்தாள். ஒரே ஒரு மூச்சு தவறுதலாக உள்ளே போனது. மார்புக்குள் யாரோ ஒரு கைப்பிடி மணலைக் கொதிக்க வைத்துக் கொட்டினாற்போல் இருந்தது. இங்கேயே விழுந்துவிடுவேன், இங்கேயே, என்று எண்ணியபோது கால் எதன்மேலோ இடறியது.

உபைத். பெட்டிக்குக் கீழே சுவரில் சாய்ந்து குந்தியிருந்தான். கண்கள் மூடியிருந்தன. ஒரு கையில் புதிய ஏடு, இன்னும் உறை பிரிக்காமல். குருபிரசாத் அவன் அக்குள்களில் கைகொடுத்து இழுத்தான். நீரஜா கால்களைத் தூக்கினாள். எப்படித் தூக்கினாள், எந்த வழியே வந்தாள் என்று பிறகு நினைத்துப் பார்த்தபோது அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. தலைக்குமேல் சங்கு ஓலமிட்டுக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருந்தது.

கடற்கரையில் காற்று தூய்மையாக, உப்பாக, குளிர்ந்து வந்தது. பாடையை மணல்மேல் இறக்கியிருந்தார்கள். சுற்றிலும் மனிதர்கள் இருமி, வாந்தியெடுத்து, கடல்நீரை முகத்தில் அள்ளி அடித்துக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அதன் தாய் அந்த அழுகையைக் கேட்டுச் சிரித்து, பிறகு தானும் அழுதாள். தீயணைப்பு வண்டியின் மணி முன்பக்கச் சாலையில் கேட்டது. முகமூடி அணிந்தவர்கள் தொழிற்சாலைக்குள் ஓடினார்கள். சிறிது நேரம் கழித்து ரகுபதி வந்து, வால்வை மூடிவிட்டார்கள் என்று சொன்னார். நீரஜாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆம்புலன்சில் ஏற்றுமுன் உபைத் கண் திறந்தான். முகமெல்லாம் வீங்கியிருந்தது. மருத்துவப் பணியாளர் மூக்கில் பிராணவாயுக் குழாயை வைத்தார். உபைத் அதைச் சற்றே விலக்கினான்.

“மேடம்... ஏட்டை மாத்தல.”

“பேசாதே. வாயை மூடு.”

“அம்மாகிட்ட... சொல்லாதீங்க. பயந்துரும்.”

வண்டி அவனை ஏற்றிக்கொண்டு போயிற்று. குருபிரசாத்தும் கூடப் போனான். பிழைத்துவிடுவார் என்று புறப்படுமுன் பணியாளர் சொல்லியிருந்தார். நீரஜா அந்தச் சொல்லைப் பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். மணலில் உட்கார்ந்தாள். பக்கத்தில், பாடையின் தலைமாட்டில், பவுனம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கண்கள் வறண்டிருந்தன. கடற்காற்றில் எரிச்சல் அடங்க அடங்க அவள் முகம் மெல்ல மெல்ல வேறாயிற்று. தோள்கள் குலுங்கின. ஒப்பாரி இல்லை, சொல் இல்லை, இருட்டிவரும் கடலைப் பார்த்தபடி உள்ளுக்குள்ளிருந்து ஓர் அழுகை வந்தது.

“இப்பதான் அழுவுறேன்,” என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. “காலைலேந்து அழுதேன். எது துக்கத்துக்கு வந்தது, எது காத்துக்கு வந்ததுன்னே தெரியல.”

நீரஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பவுனம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக் கேட்டாள்:

“அந்தச் சங்கு. இன்னும் ஊதினே கீதே.”

“காத்துல இன்னும் மிச்சம் இருக்கு அக்கா. அது போனா நின்னுடும்.” நீரஜா தயங்கினாள். “அவர் கேட்டுக்கிட்டதுக்காக வெச்ச விதியை நான் எடுத்துட்டேன். இனிமே யார் சூடம் காட்டினாலும் ஊதும். கோயில் திறந்ததும், முதல் பூசையிலேயே ஊதும்.”

“ஊதட்டும்.”

“கொழந்தைங்க பயப்படும்னு அவர்...”

“பயப்படட்டும்,” என்றாள் பவுனம்மா. “சூடம் காட்றப்ப அது ஊதலன்னாதான் இனிமே நான் பயப்படுவேன்.”

சாலைப்பக்கம் ஒரு கார் வந்து நிற்கிற ஓசை. பிறகு ஒரு பெண்ணின் குரல், அப்பா, அப்பா என்று மணலில் ஓடிவந்தது. பவுனம்மா எழுந்து மகளை நோக்கி நடந்தாள்.

நீரஜா கைப்பேசியைத் திறந்தாள். திரையில் நீலக் கோடு இன்னும் தாழ்ந்தே கிடந்தது. அதன் அருகில் இப்போது எந்தச் சொல்லும் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு, கோடு நிமிரும்வரை எழுந்திருக்கத் துணியாமல், அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.